சான்று எங்கே?

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் காலை வேளையில் நடந்து பாருங்கள். மூட்டை தூக்கப் போகும் தோழர் ஒருபுறம். அரிசி ஆலைக்கு விரையும் தோழர் மறுபுறம். நடுவிலே குரல்கள்! "சாமை சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும்!" "இந்தப் பொடியைப் போட்டால் மூட்டுவலி ஓடிவிடும்!" "ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது!" தெருவில் கேட்டது போதாதென்று, சட்டைப் பையிலுள்ள கைபேசியும் நாள் முழுதும் இதையே ஓதுகிறது.

கூலி வாங்கும் கையிலே மிச்சம் எவ்வளவு இருக்கும்? அந்த மிச்சத்தையும் பொடி விற்பவர் வாங்கிக்கொண்டால், பிள்ளைக்கு முட்டை ஏது, பால் ஏது? ஆகவே, இது படித்தவர்கள் கூடிப் பொழுது போக்கும் பேச்சு அன்று. நம் சோற்றுத் தட்டைப் பற்றிய பேச்சு. சில வேளைகளில் உயிரைப் பற்றிய பேச்சு.

எதை நம்புவது, எதைத் தள்ளுவது? இதற்கு விடை தேட, நம் பாட்டன்மார் கப்பலேறிப் போன மலாய் நாட்டுக்குச் சற்றே போய்வர வேண்டும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிபெரி என்றொரு நோய் ஆளைத் தின்றுகொண்டிருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தளரும், முடிவில் நெஞ்சு நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களையோ அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. ஏன்? மண்ணிலுள்ள கிருமி என்றார் ஒருவர். ஈரக்காற்று என்றார் இன்னொருவர். பிராடன் என்ற மருத்துவர் மட்டும் இரு சாராரின் சட்டியையும் எட்டிப் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி!

அவர் சொன்னார் என்பதற்காக உலகம் ஒப்புக்கொண்டதா? இல்லை. ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. தமிழருக்கும் சீனருக்கும் அரிசி ஒன்றிலா வேற்றுமை? குடியிருப்பு வேறு, வேலை வேறு, பழக்கம் வேறு. அவற்றில் எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பர் 5 அன்று, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கட்டடத்துக்கு. இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிர்க் கட்டடத்துக்கு. இரண்டும் ஒரே அமைப்புள்ளவை. கறி, குழம்பு எல்லாம் ஒன்றே. அரிசி மட்டும் வேறு: அங்கே சயாமின் பச்சரிசி, இங்கே இந்தியப் புழுங்கலரிசி. இடத்தின் கோளாறோ என்ற ஐயமும் இருந்ததால், நடுவிலே இரு சாராரையும் கட்டடம் மாற்றிக் குடியேற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

ஓராண்டு கழிந்தது. கணக்கைப் பாருங்கள். பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய். அவர்களும் வரும்போதே அதைச் சுமந்து வந்தவர்கள். ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. இன்று ஒரு சோதனைக்கு உட்படுகிறவரிடம் கேட்டாக வேண்டிய இசைவை அன்று கேட்கும் வழக்கமில்லை. வாய்திறந்து மறுக்க வழியற்றவர்களின் உயிரை விலையாகக் கொடுத்து வந்த உண்மை இது. ஆகவே இதை மறக்கும் உரிமை நமக்கில்லை.

காரணம் பின்னர்தான் துலங்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலை எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினாலோ சத்து தவிட்டோடு போய்விடுகிறது. அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. 1936 இல் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். 1918 இல் பெரிபெரியை ஆராயவென்று நம் நீலகிரிக் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராடன் அரிசியைச் சரியாகச் சுட்டினார். ஆனால் அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று காரணத்தைத் தவறாகச் சொன்னார். நம் பாட்டிமாரோ வைட்டமினைக் கண்டதில்லை; ஆனால் சரியாக நெல்லை அவித்தார்கள். பெரியவர் சொன்னதால் ஒன்று மெய்யாகிவிடாது. பழையது என்பதாலும் மெய்யாகிவிடாது. ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த கணக்குத்தான் மெய்யைக் காட்டியது.

ஆகவே, உணவென்றும் மருந்தென்றும் எவர் எதைச் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதனோடு ஒப்பிட்டீர்? எத்தனை பேரிடம் பார்த்தீர்? இதைச் சொல்வதால் ஆதாயம் யாருக்கு?

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்து உண்டது சாமையும் தினையும் கேழ்வரகும். சமவெளிக்காரர் நெல்லுச்சோறே சோறு என்று அவற்றை ஏளனம் செய்த காலமுண்டு. 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. இன்று அதே சாமை நகரத்துக் கடையில் அழகான பையில் ஏறி, மருந்துப் பட்டம் சூடி நிற்கிறது!

சாமைக்குச் சான்று உண்டா? உண்டு. 2021 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குறியீடு சிறுதானியங்களுக்குச் சராசரியாக 52.7 என்றும், தீட்டிய அரிசிக்கு 71.7 என்றும் கண்டார்கள். நல்ல செய்திதான். தொகுத்தவர்களில் முன்னின்றது ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிறுவனம். சிறுதானியங்களை வளர்ப்பதே அதன் பணிகளில் ஒன்று. அதனால் கணக்கு பொய்யாகிவிடாது. பிறரும் சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்பதே பொருள். மேலும், சர்க்கரை மெதுவாக ஏறும் என்பது வேறு. நோய் தீரும் என்பது வேறு. சாமைச்சோற்றை நம்பி மாத்திரையை நிறுத்திய தோழருக்குக் காலும் கண்ணும் சிறுநீரகமும் கெடலாம். சாமையையும் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்றால், பச்சரிசிக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்: நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும்.

அடுத்தது ரேஷன் அரிசி. "தண்ணீரில் மிதக்கிறது, பிளாஸ்டிக்!" என்று அதைப் பொறுக்கி எறிந்த வீடுகள் எத்தனை! அது பிளாஸ்டிக் அன்று. அரிசி மாவில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் வைட்டமின் பி12 உம் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கப்பட்டது. வதந்தி பொய். சரி, மறுபக்கம் சொன்னதையும் அதே தராசில் வைப்போம். அந்த அரிசி இரத்தசோகையைப் போக்கும் என்றார்கள். 2019 இல் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுமம் பல நாட்டுச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இரத்தசோகை குறைவதில் பெரிய மாறுதல் இராமற் போகலாம் என்று எழுதிற்று. வதந்தி பரப்பியவரிடம் சான்று கேட்பது போலவே, திட்டம் வகுத்தவரிடமும் கேட்க வேண்டும். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்களுக்குக் கீரையும் பருப்பும் முட்டையும் கிடைக்கக் கூலி போதுமா என்ற கேள்வியை ஒரு மணி அரிசியால் மூடிவிட முடியாது.

கடைசியாக, சொல்லவே நெஞ்சு நடுங்கும் ஒன்று. "நாளெல்லாம் பாடுபட்ட உடம்பு, கொஞ்சம் ஊற்றினால் வலி போகும்." இதுவும் ஒரு மருத்துவக் கூற்றுத்தான்! தலைமுறையாகச் சொல்லி வந்த கூற்று. 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அது என்ன விலை கேட்டது? மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மெத்தனாலுக்குத் தனி நிறமில்லை. சாராயத்தில் கலந்துவிட்டால் நாக்காலும் மூக்காலும் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனபின் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து, உயிரையும் வாங்கும். "நேற்றுக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சான்றாகுமா? ஒருவன் பிழைத்தது கணக்கன்று!

தோழர்களே! கொடி பிடிக்கும்போது கணக்குக் கேட்கிறோம். கூலி வாங்கும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்குக் கேட்கிறோம். வாய்க்குள் போகும் பொருளுக்கு மட்டும் ஏன் கேளாமல் விடுகிறோம்? மன்றத்தில் கூடும்போது இந்த மூன்று கேள்விகளையும் பேசுங்கள். வீட்டில் சொல்லுங்கள். நாளைக் காலை எவரேனும் ஒரு பொடியை நீட்டினால், விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஐயா, சான்று எங்கே?"