அக்கம்பக்கம் செல்போனுக்குள் வந்தால்...



போன மாதம் ஒரு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு, கடன் வசூல், வங்கிக்குக் கொடுக்க வேண்டிய மனு எல்லாம் பேசி முடித்து, டீ வந்த நேரம். ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து, “மேடம், நம்ம ஊருக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டா என்ன? தண்ணி எப்ப வருது, ரேஷன்ல என்னைக்குப் பருப்பு போடறாங்க, மாட்டு டாக்டர் எப்ப வர்றார், எல்லாம் வீட்ல இருந்தே தெரிஞ்சுக்கலாமே” என்று கேட்டார். பாதிப் பேருக்கு மேல் சரி சரி என்றார்கள். பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு மூத்த உறுப்பினர் மட்டும், “இருக்கிற குரூப்புல போன மானமே போதும்” என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை.

அவர் எதைச் சொன்னார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உங்களில் பலருக்கும் இதுபோல ஒன்று நடந்திருக்கும் என்பதால் எழுதுகிறோம். ஒரு குழுவில் ஒரு உறுப்பினர் இரண்டு தவணை கட்டவில்லை. மாடு நோயில் விழுந்து பால் காசு நின்றுபோன சமயம் அது. குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அவர் பெயரையும் பாக்கித் தொகையையும் போட்டு, “இவங்களால நம்ம எல்லாருக்கும் அடுத்த கடன் நிக்குது” என்று எழுதிவிட்டார்கள். அது ஒரு கை மாறி, இரண்டு கை மாறி, அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு நின்றவர்தான், மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் இரண்டு முறை வீட்டுக்குப் போனோம். “பணம் கட்டிடறேன் மேடம். அந்த மெசேஜ் யார் யார் போன்ல இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

வாரக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து, “ஏன் அக்கா கட்டல?” என்று முகத்துக்கு நேராகக் கேட்பது நம் வழக்கம்தான். அதில் தப்பே கிடையாது. கேட்கப்பட்டவர் அங்கேயே பதில் சொல்லலாம், அழலாம், கோபப்படலாம், பக்கத்தில் இருப்பவர் தோளில் கை வைக்கலாம். செல்போனில் இதெல்லாம் இல்லை. கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு போய்விடும். குரூப்பில் போட்டது ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் ஊர் குரூப்பே வேண்டாமா என்று கேட்டீர்கள். இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அக்கம்பக்கத்தாரை இணைப்பதற்காகவே வலைத்தளம் நடத்தி, அதில் பட்டும் தெளிந்தும் வந்திருக்கிறார்கள் அமெரிக்காவில். அவர்கள் அனுபவத்தை முதலில் பார்ப்போம். பிறகு நம் ஊருக்கு வருவோம்.

அங்கே இதற்குத் தேவை வந்ததற்குக் காரணம் உண்டு. பியூ ஆய்வு மையம் 2010-ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்கர்களில் 28 சதவீதம் பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. நமக்கு இது சிரிப்பாக இருக்கும். நம் ஊரில் பெயர் என்ன, இன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்பதே தெருவுக்குத் தெரியும்!

2011-ல் நெக்ஸ்ட்டோர் என்ற வலைத்தளம் அங்கே தொடங்கியது. பெயருக்கு அர்த்தமே பக்கத்து வீடு என்பதுதான். ஆரம்பித்தவர்களில் ஒருவரான நிரவ் டோலியா இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். இதில் சேருவதற்கு உங்கள் உண்மையான பெயரையும் வீட்டு முகவரியையும் கொடுக்க வேண்டும். நீங்கள் அந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு வழி, ரகசிய எண் எழுதிய தபால் அட்டையை அந்த வீட்டுக்கே அனுப்புவது. அந்த எண்ணைக் கணினியில் போட்டால்தான் உள்ளே போக முடியும். உங்கள் பகுதி ஆட்களின் பேச்சு உங்களுக்குத் தெரியும், தூரத்து ஊர்க்காரர் உள்ளே வர முடியாது.

இதனால் பலன் இல்லாமல் இல்லை. காணாமல் போன நாய் கிடைத்தது. ஏணி இரவல் கேட்டார்கள், பழைய கட்டிலைச் சும்மா கொடுத்தார்கள், குழாய் ரிப்பேருக்கு நம்பிக்கையான ஆள் யார் என்று விசாரித்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, யார் யாருக்கு மருந்து, மளிகை வாங்கித் தர முடியும் என்று வரைபடத்தில் குறித்துக் காட்டும் வசதியும் அதில் வந்தது. தனியாக வீட்டில் இருந்த வயதானவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் சண்டையும் கூடவே வந்தது. நாய் அசிங்கம் செய்தது, வண்டியை வாசலில் நிறுத்தியது, ராத்திரி பாட்டுச் சத்தம் என்று ஆரம்பித்து ஆளைப் பெயர் சொல்லித் திட்டுவதில் முடிந்தது. உண்மைப் பெயரும் முகவரியும் தெரிந்தால் மனிதர்கள் நாகரிகமாக நடந்துகொள்வார்கள் என்று நினைத்துத்தான் அப்படி ஒரு விதி வைத்தார்கள். அது பாதிதான் பலித்தது. ஆளைத் தெரியும் என்பதாலேயே வாய் அடங்கிவிடாது. நம் தெருக்குழாயடியில் ஐந்து நிமிடம் நின்றால் இது புரியும்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து என்ற நகரத்தில் வெளியே வந்தது. அங்கே வெள்ளைக்காரர்களும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்கிறார்கள். நெக்ஸ்ட்டோரில் குற்றம், பாதுகாப்பு பற்றி எழுத ஒரு பகுதி உண்டு. “நம் தெருவில் சந்தேகப்படும்படி ஒரு ஆள், எச்சரிக்கை!” என்று அதில் எழுதினார்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்று பார்த்தால் ஒன்றுமே இருக்காது. தெருவில் நடந்து போனார், காரை ஓட்டிப் போனார், ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார், அவ்வளவுதான். கறுப்பாக இருந்தார் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. சொந்தத் தெருவிலேயே தன் பிள்ளை நடந்து போனால் யாராவது இப்படி எழுதி, போலீஸ் வந்துவிடுமோ என்று பெற்றோர் பயந்தார்கள். ஈஸ்ட் பே எக்ஸ்பிரஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகை 2015-ல் இதை விரிவாக எழுதியது. அந்த ஊர் மக்களே ஒரு அமைப்பாகச் சேர்ந்து, நகர நிர்வாகத்தையும் நிறுவனத்தையும் விடாமல் கேட்டார்கள்.

2016-ல் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. அதைக் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும், நமக்கு இதுதான் முக்கியம். அதுவரை மனசில் வந்ததை எழுதி ஒரு பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் போய்விடும். அதன் பிறகு ஒரு படிவம் வந்தது. முதலில் கேட்பது, அவர் என்ன செய்தார்? ஆள் எப்படி இருந்தார் என்பது அதற்கு அப்புறம்தான். இனத்தைக் குறிப்பிட்டு எழுதினால், அது மட்டும் போதாது. தலைமுடி, மேல்சட்டை, கால்சட்டை, செருப்பு என்று குறைந்தது வேறு இரண்டு அடையாளமாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செய்தி போகவே போகாது. இனத்தை வைத்துச் சந்தேகப்படும் செய்திகள் இதனால் 75 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. இது அவர்களே சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 2019-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள். யாரையாவது புண்படுத்துகிற மாதிரிப் பதில் எழுதினால், இதை அனுப்பத்தான் வேண்டுமா, மாற்றி எழுதுகிறீர்களா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்கும்.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து கோயிலுக்குப் போக வந்த ஒரு குடும்பம் வழி விசாரிக்க வண்டியை நிறுத்தியது. அவர்களில் 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்தே போனார். உடன் வந்தவர்களுக்கும் பலத்த காயம். “அவங்க என்ன செஞ்சாங்க?” என்று ஒருவர் கேட்டிருந்தால், சாக்லேட் கொடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது. அந்த வருடம் நாட்டின் பல மாநிலங்களில் இப்படி உயிர்ப்பலி நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அமெரிக்காவிலேயே இன்னொரு முறையும் இருக்கிறது. அங்கே வெர்மான்ட் என்று ஒரு சின்ன மாநிலம், நிறைய கிராமங்கள் உள்ள பகுதி. அங்கு பர்லிங்டன் நகரத்தில் மைக்கேல், வேலரி உட்-லூயிஸ் தம்பதி 2000-ல் தங்கள் தெருவாருக்காக ஒரு மின்னஞ்சல் பட்டியல் ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து 2006-ல் ஃப்ரண்ட் போர்ச் ஃபோரம் என்ற பெயரில் அமைப்பானது. ஃப்ரண்ட் போர்ச் என்றால் நம் திண்ணைதான்! இந்தத் திண்ணையில் நீங்கள் எழுதுவது உடனே போகாது. வேலைக்கு இருக்கிற ஆட்கள் முதலில் படித்துப் பார்ப்பார்கள். அடுத்தவரைத் தாக்கி எழுதியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். மீதியை ஒன்றாகச் சேர்த்து நாளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் அனுப்புவார்கள். எழுதுபவர் பெயரும் தெருவும் கூடவே இருக்கும். ஒருவர் கோபத்தில் எழுதினால் அதற்குப் பதில் வருவதற்கு ஒரு ராத்திரி ஆகிவிடும். பாதிக் கோபம் தூக்கத்திலேயே போய்விடும் அல்லவா?

மெதுவாக இருந்தால் அவசரத்துக்கு உதவாதே என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் 2011 ஆகஸ்ட் மாதம் ஐரீன் புயல் வந்து வெர்மான்ட்டில் பாலங்களும் சாலைகளும் அடித்துப் போனபோது, எந்த வழி திறந்திருக்கிறது, யார் வீட்டில் சேறு அள்ள ஆள் வேண்டும், யாரிடம் பம்ப்செட் இருக்கிறது என்பதையெல்லாம் மக்கள் இதன் வழியாகத்தான் பகிர்ந்துகொண்டார்கள். பழகிய இடம் என்பதால் நம்பினார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிது இல்லை. நம் குழுக் கூட்டமும் இப்படித்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர், தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோர் கையெழுத்தும். வாட்ஸ்அப்பில் இந்த எதுவும் தானாக வராது, நாம்தான் வைக்க வேண்டும். அதனால் ஊக்குநர் கேட்ட குரூப்பை ஒரே ஒரு ஊராட்சியில் மட்டும் ஆரம்பித்துப் பார்ப்பது என்று அன்றைக்குப் பேசி முடித்தோம். மூன்று பேர் அட்மின். அவர்கள் மட்டும்தான் செய்தி போட முடியும் என்று குரூப் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதி 2018 முதலே இருக்கிறது. மற்றவர்கள் சொல்ல வேண்டியதை இந்த மூவரில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர், ரேஷன், முகாம், காணாமல் போன ஆடு மாடு, இரத்தம் தேவை, இவை போகலாம். கடன் பாக்கி, குடும்பச் சண்டை, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள், இவை எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. வெளியாள் வந்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் அட்மின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்ன செஞ்சாங்க? நீ பார்த்தியா, கேள்விப்பட்டியா?” சந்தேகம் நிஜமாகவே இருந்தால் குரூப்பில் போடாமல் போலீசுக்குப் போன் செய்யட்டும்.

அட்மினாக இருக்கப் பலரும் பயப்படுகிறீர்கள். “யாரோ எதையோ போட்டா என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாமே” என்று ஒருவர் கேட்டார். உறுப்பினர் போட்ட செய்திக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அட்மினே அதற்கு உடந்தையாக இருந்தால் கதை வேறு. தவறான செய்தியை யார் போட்டிருந்தாலும் அட்மின் எல்லோருக்குமாக நீக்க முடியும். ஆனால் அதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்திருந்தால் அந்த நகலை நீக்க வழியில்லை. அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது இதனால்தான்.

இன்னும் ஒன்று. குரூப்பில் சேர்ந்தால் உங்கள் போன் நம்பர் அதில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஊர் குரூப் என்றால் ஆண்களும் இருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு “சாப்டியா” என்று வருகிற மெசேஜை எத்தனை பேர் எங்களிடம் காட்டியிருக்கிறீர்கள்! அதனால் இந்தக் குரூப்பில் பெண்கள் மட்டுமே. பலர் வீட்டில் ஒரே போன், அதுவும் கணவர் கையில் அல்லது மகன் கையில் என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்படி இருக்கிற உறுப்பினருக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் வாய்வழியாகச் செய்தி சொல்ல வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம்.

அந்தக் குழுவில் மெசேஜ் போட்டவர், ஊக்குநர், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். பாக்கிக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்திருக்கிறது குழு. அவர் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பேத்தியிடம் கொடுத்து அனுப்புகிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது செல்போனைச் சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்துக்குள் போய், குரூப்ஸ் என்பதில் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றி வைத்தால், உங்கள் போனில் நம்பர் பதிவு செய்யாத ஆட்கள் உங்களைக் கண்ட குரூப்பிலும் சேர்க்க முடியாது. இரண்டு நிமிட வேலைதான், கையோடு செய்து காட்டுகிறோம்.