ஏற்காட்டுச் சமையலறையில் நீராவி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற ஏறக் காற்று குளிர்வதை எல்லோரும் உணர்கிறோம். காற்றின் அழுத்தமும் கூடவே குறைந்து வருகிறது என்பதோ, காது அடைத்துக்கொள்ளும்போது மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் மலைமேல் உள்ள உணவு விடுதிச் சமையலறையில் இந்த அழுத்தக் குறைவு நாள்தோறும் தன் வேலையைக் காட்டுகிறது. அடிவாரத்தில் பழகிய சமையல்காரர் மேலே வந்து, திறந்த பாத்திரத்தில் அதே பருப்பை அதே நேரம் வேகவைத்தால், பருப்பு மசிவதில்லை. இட்லியோ ஏறத்தாழ வழக்கம்போலவே வெந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கொதிநீரின் வேலைதானே? பின் ஏன் இந்த வேறுபாடு? பருப்பை மசியவைக்க என்ன செய்யலாம்? என்ன செய்யவே கூடாது?

இறங்கிவிடும் கொதிநிலை

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். இது கடல் மட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். நீரின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் நீர் கொதிக்கிறது. காற்றழுத்தம் குறைந்தால், குறைந்த வெப்பநிலையிலேயே அந்தச் சமநிலை வந்துவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம். நீர் சுமார் 99 டிகிரியில் கொதிக்கும். சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.86 கிலோகிராம், கொதிநிலை சுமார் 95 டிகிரி. தோராயமாக, ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பை இன்னும் பெரிதாக எரித்தால் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாதா? முடியாது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீருக்கு எவ்வளவு வெப்பம் தந்தாலும் அது வேகமாக ஆவியாகுமே தவிர, மேலும் சூடேறாது. 1835ஆம் ஆண்டு ஆண்டீஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வினின் குழுவினர், இரவு முழுவதும் அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் இருக்கக் கண்டனர். உடன் வந்தவர்கள் பாத்திரத்தின் மீது பழி போட்டனர். உண்மையான காரணம் மலையின் உயரமே.

இட்லி எப்படித் தப்பிக்கிறது?

1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் 1 கிராம் நீரை ஆவியாக்க சுமார் 540 கலோரி வேண்டும். இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 18ஆம் நூற்றாண்டில் இதனைக் கண்டறிந்தார். நீராவி குளிர்ந்த இட்லி மாவின்மீது பட்டு மீண்டும் நீராகும்போது, இந்த 540 கலோரியையும் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இட்லிக்கு 60 கிராம் மாவு என்று கொள்வோம். மாவின் வெப்ப ஏற்புத்திறன் நீரைவிடச் சற்றுக் குறைவு, 0.85 என்று எடுத்துக்கொள்ளலாம். அதனை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுவர 60 × 0.85 × 70, அதாவது சுமார் 3,570 கலோரி தேவை. இதனை 6.6 கிராம் நீராவியே தந்துவிடும். பாத்திரமும் தட்டும் சூடாவதற்கும், வெளியே வீணாவதற்கும் ஆவதை விட்டுவிட்டால், 100 இட்லிகளுக்கு முக்கால் கிலோ நீராவி கூட வேண்டாம்!

அரிசி மாவுப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்து வெந்துபோக 60 முதல் 80 டிகிரியே போதும். 95 டிகிரி நீராவி அதனைத் தாராளமாகத் தருகிறது. ஆகவே இட்லிக்கு மலை ஒரு தடையன்று. (மலைக் குளிரில் மாவு புளிக்கக் கூடுதல் நேரமாகிறது என்பது வேறு செய்தி. அதற்குக் காரணம் அழுத்தம் அல்ல, குளிர்.) பருப்பின் கதை வேறு. அதன் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் பருப்பு மசியும். இந்த மாற்றத்தின் வேகம் வெப்பநிலையை மிகவும் சார்ந்தது. சில டிகிரி குறைந்தாலும் வேகும் நேரம் நன்றாக நீண்டுவிடும்.

ஒரே நீராவி, மூன்று வழிகள்

பெரிய சமையலறைகளில் ஒரு பாய்லரில் உண்டாகும் நீராவியைக் குழாய் வழியே பல பாத்திரங்களுக்கு அனுப்புகிறார்கள். அது மூன்று விதமாகப் பயன்படுகிறது.

முதலாவது, அடுக்குத் தட்டுகள் கொண்ட இட்லிப் பெட்டி. இதில் நீராவி உணவை நேரே தொடுகிறது. பெட்டிக்கு வெளிவழி உண்டு. ஆதலால் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தமே. வெப்பநிலை 95 டிகிரியே.

இரண்டாவது, சாம்பாருக்கும் பாலுக்கும் உதவும் இரட்டைச் சுவர் அண்டா. இரு சுவர்களுக்கும் இடையே நீராவி சுற்றி வரும், உணவைத் தொடாது. சுவருக்குள் இருக்கும் நீராவி 108 டிகிரியாக இருந்தாலும், அண்டாவின் வாய் திறந்திருப்பதால் உள்ளிருக்கும் சாம்பார் 95 டிகிரியைச் சற்றே தாண்டினால் உண்டு. பாய்லரின் அழுத்தத்தைக் கூட்டினால் சாம்பார் விரைவில் கொதிக்கத் தொடங்கும், அதிகச் சூடாகாது. இதில் பருப்பை மசியவைக்க முயல்வது வீண்.

மூன்றாவது, அழுத்தம் தாங்கும் மூடிய கலம். வீட்டிலுள்ள பிரஷர் குக்கரும் இவ்வகையே. இதன் பளு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தத்தைச் சேர்க்கிறது. சேலத்தில் உள்ளே மொத்தம் 2 கிலோகிராம். வெப்பநிலை 119 டிகிரிக்கு மேல். ஏற்காட்டில் 1.86 கிலோகிராம், வெப்பநிலை சுமார் 117 டிகிரி. திறந்த பாத்திரத்தில் இருந்த 4 டிகிரி வேறுபாடு இங்கே பாதியாகிவிடுகிறது! பருப்புக்கு உரிய இடம் இதுவே. சில நிமிடங்கள் கூட்டி வைத்தால் போதும்.

அழுத்தமானி சொல்லாத செய்தி

பாய்லரில் உள்ள அழுத்தமானி மொத்த அழுத்தத்தைக் காட்டுவதில்லை. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதையே காட்டும். முள் 0.5 என்று நின்றால், சேலத்தில் நீராவி சுமார் 111 டிகிரி. ஏற்காட்டில் 108 டிகிரி. முள் ஒன்றே, வெப்பம் வேறு.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. கலத்திலும் குழாயிலும் முன்பே இருந்த காற்றை வெளியேற்றாமல் மூடிவிட்டால், அந்தக் காற்றும் அழுத்தத்தில் பங்கு கொள்ளும். டால்டன் விதிப்படி, நீராவியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அதன் சொந்தப் பங்கு மட்டுமே. ஏற்காட்டில் முள் 0.5 காட்டும்போது கலத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்று என்றால், வெப்பநிலை 108 அன்று. சுமார் 96 டிகிரியே! முள் சரியாக நிற்கும், பருப்பு வேகாது. அதனால்தான் நீராவி தொடர்ந்து பீறிட்டு வரும்வரை காற்றுவழியைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டு குக்கரில் ஆவி நன்றாக வந்தபின் பளுவை வைப்பதும் இதற்காகவே.

செய்யவே கூடாதது

பருப்பு வேகவில்லை என்றதும் சிலருக்குத் தோன்றும் குறுக்குவழி, காப்பு வால்வின்மீது கூடுதல் பளுவைத் தொங்கவிடுவது அல்லது அதைக் கட்டிவைப்பது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். அழுத்தமானி 0.5 காட்டும்போதே மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 350 கிலோகிராம். 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் 14க்குச் சமம். அழுத்தம் இரட்டித்தால் 28 சிப்பங்கள். அதைத் தாங்கும்படி அந்தக் கலம் செய்யப்பட்டதா என்பதை யார் அறிவார்? 1679இல் லண்டன் ராயல் கழகத்தில் டெனி பாப்பின் தம் அழுத்தக் கலத்தைக் காட்டினார். அத்தகைய கலத்துக்குப் பளு வைத்த காப்பு வால்வைத் தந்தவரும் அவரே. அந்த வால்வு சமையலுக்காக அன்று, சமைப்பவரின் உயிருக்காக.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக 2025இல் வந்த சட்டமும் பாய்லர்களைப் பதிவுசெய்து ஆய்வுக்கு உட்படுத்தச் சொல்கின்றன. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராமுக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்று வடிவமைத்து, அவ்வாறே இயக்கும் கலங்கள் இதில் சேரா. அத்தகைய சமையலறைப் பாய்லருக்கு அங்கே வேலை செய்பவர்களே ஆய்வாளர்கள்.

அவர்கள் அறிய வேண்டியவை சிலவே. பற்றவைக்கும்முன் கண்ணாடிக் குழாயில் நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். நீர் வற்றிப் பாய்லர் காய்ந்துவிட்டால், அடுப்பை அணைத்து ஆற விட வேண்டும். குளிர்நீர் ஊற்றக் கூடாது. குழாயில் தங்கிய நீரை வடித்துவிட்டு, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். இல்லையேல், நீராவி அந்த நீரை உருட்டிச் சென்று குழாய் வளைவில் சம்மட்டிபோல் அடிக்கும். முள் சுழியத்துக்கு வந்தபின்பே மூடியைத் தொட வேண்டும். அதையும் தமக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்க வேண்டும்.

ஏன் இத்தனை எச்சரிக்கை? ஏற்காட்டில் 1 கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது தருவது சுமார் 60 கலோரி. 1 கிராம் நீராவி தருவதோ 600 கலோரி, பத்து மடங்கு! மேலும் நாம் காணும் வெண்புகை நீராவியன்று. அது குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். குழாயின் வாய்க்கும் வெண்புகைக்கும் இடையே வெறுமையாகத் தெரியும் சிறு இடைவெளியில்தான் உண்மையான நீராவி உள்ளது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் கையை நீட்டக் கூடாது என்பதே நீராவிச் சமையலின் முதல் பாடம்.