வயலின் வில்: கைவினையும் கலைச்சொல்லும்

1. வில் என்னும் சொல்

தமிழில் 'வில்' என்னும் சொல் இசைத்துறையில் மூன்று பொருள்களில் வழங்குகிறது. பெரும்பாணாற்றுப்படை கூறும் வில்யாழில் வில்லே கருவியின் உடல். வில்லுப்பாட்டில் அது வீசுகோலால் அடித்து ஒலிக்கப்படுவது. வயலினிலோ தந்தியின்மீது இழுக்கப்படும் துணைக்கருவியே வில் எனப்படுகிறது. ஆதலின் வில்லால் இழுத்து இசைக்கும் கருவிகளை 'வில்லிசைக் கருவிகள்' எனப் பெயர்த்தால் வாசகர் வில்லுப்பாட்டையே கருதுவர். பிரெஞ்சு மொழி போர்வில்லை 'ஆர்க்' என்றும் வயலின் வில்லை அதன் குறுமை வடிவமாகிய 'ஆர்ஷே' என்றும் பிரித்துரைக்கிறது. வில் செய்பவர் 'ஆர்ஷெத்தியே'. வயலின் செய்பவர் 'லூத்தியே'. தமிழில் இவ்வேறுபாட்டை 'வயலின் வில்' என்பது போன்ற அடையே தரவேண்டும். எனினும் சிக்கல் இத்துடன் முடிவதில்லை. உறுப்புகளின் பெயர்களைப் பெயர்ப்பதற்கு அவற்றின் செய்முறையை அறிதல் இன்றியமையாதது.

2. தண்டும் அதன் வளைவும்

இன்றைய வயலின் வில்லுக்கு நிலையான வடிவம் தந்தவராகப் பாரிஸ் நகரக் கைவினைஞர் பிரான்சுவா சேவியர் தூர்த் கருதப்படுகிறார். 1835-இல் மறைந்த இவர் தொடக்கத்தில் கடிகாரத் தொழில் பயின்றவர். எழுதப் படிக்க அறியாதவர் என்று 1856-இல் வெளியான தம் நூலில் பெத்திஸ் குறிப்பிடுகிறார். பழைய வில்லின் தண்டு போர்வில்லைப் போல மயிரை விட்டு வெளிப்புறமாக வளைந்திருந்தது. புதிய தண்டோ மயிரை நோக்கி உட்புறமாக வளைகிறது. இவ்வளைவு மரத்தைச் செதுக்கிப் பெறப்படுவதன்று. அவ்வாறு செதுக்கினால் மரத்தின் இழையோட்டம் அறுபட்டுத் தண்டு வலுவிழக்கும். எனவே நேராக இழைத்த தண்டை நெருப்பில் வாட்டிச் சிறிது சிறிதாக வளைக்கின்றனர். 'வளைவு' என்று மட்டும் பெயர்ப்பது போதாது. 'உள்வளைவு' என்றால்தான் கருத்து நிறைவுறும். வில் என்னும் பெயர் நிலைத்திருக்க, அப்பெயருக்குக் காரணமான வடிவம் தலைகீழாகிவிட்டது என்பது நோக்கத்தக்கது.

3. மயிரும் மயிர்க்கட்டையும்

வில்லில் ஏறத்தாழ 150 முதல் 200 குதிரைவால் மயிர்கள் முறுக்கப்படாமல் தட்டையாகப் பரப்பப்படுகின்றன. முறுக்கிய ஒற்றைக் கயிற்றைக் குறிக்கும் 'நாண்' என்னும் சொல் இதற்குப் பொருந்தாது. 'குதிரை மயிர்' என்பதிலும் கவனம் தேவை. தமிழ் இசைக்கலைஞர் வழக்கில் தந்திகளைத் தாங்கும் பகுதிக்குக் 'குதிரை' என்றே பெயர்.

கைபிடிக்கும் முனையில் மயிரின் ஒரு நுனியைச் சிறு மர ஆப்பினால் இறுக்கி வைத்திருக்கும் கருங்காலிக் கட்டை ஒன்று உண்டு. திருகைத் திருப்பினால் அது தண்டின்மீது நகர்ந்து மயிரை விறைப்பாக்கும். இதனை ஆங்கிலமும் ஜெர்மனும் 'தவளை' என்னும் பொருள்படும் சொற்களால் குறிக்கின்றன. பிரெஞ்சுக் கைவினைஞர், மயிரைத் தண்டிலிருந்து உயர்த்தி நிறுத்தும் அதன் பணி கருதி 'ஓஸ்' என்கின்றனர். 'உயர்த்துவது' என்பது அதன் பொருள். வாசிப்போர் அவ்விடத்தைக் 'குதிகால்' என்னும் பொருளில் 'தலோன்' என்பர். ஒரே உறுப்பு செய்பவர்க்கு ஒரு பொருள். வாசிப்பவர்க்கு ஓர் இடம்.

'தவளை' என்று நேரே பெயர்ப்பது ஏற்புடையதாகாது. விலங்குப் பெயர் தமிழ் மரபுக்கு அயலானது என்பது இதற்குக் காரணமன்று. தந்தி தாங்கும் குதிரையைப் பிரெஞ்சு மொழியும் 'சிறு குதிரை' என்னும் பொருளில் 'ஷெவலே' என்றே வழங்குகிறது. சுமை தாங்குதல் என்னும் ஒப்புமை தமிழ்க் குதிரையில் தெளிவாக விளங்குகிறது. தவளை என்பதிலோ தமிழர்க்கு அத்தகைய ஒப்புமை எதுவும் புலப்படாது. செய்முறை நூலில் 'மயிர்க்கட்டை' என்றும், வாசிப்பு நூலில் 'வில்லின் அடிப்பகுதி' என்றும் வேறுபடுத்தி வழங்கலாம்.

4. மரத்தின் பெயர்

தூர்த் காலம் முதல் சிறந்த விற்களுக்கு உரியதாகக் கருதப்படும் மரம் பிரேசில் நாட்டு மரமாகும். ஐரோப்பியத் தொழிலாளர் பெர்னாம்புக்கோ என்னும் மாநிலத்தின் பெயரால் இதனை அழைக்கின்றனர். போர்த்துக்கீசிய மொழியில் இது 'பாவ் பிரசில்'. ஐரோப்பாவில் 'பிரசில்' என்னும் பெயர் முதலில் ஆசியாவின் சாயமரமாகிய சப்பங்கிக்கே உரியதாக இருந்தது. 1500-க்குப் பின் அதே செந்நிறச் சாயம் தரும் அமெரிக்க மரத்துக்கு அப்பெயர் பெயர்ந்தது. பின்னர் மரத்தின் பெயரே நாட்டின் பெயராயிற்று. இரு மரங்களும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2016-இல் அமெரிக்க மரம் 'பாவ்பிரசிலியா' என்னும் தனிப் பேரினமாக்கப்பட்டது.

அகராதியை மட்டும் நம்பி இம்மரத்தைச் 'சப்பங்கி' எனப் பெயர்ப்பது வெறும் சொற்பிழையாக நின்றுவிடாது. அழியும் நிலையிலுள்ள இப்பிரேசில் மரம், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2007-இல் சேர்க்கப்பட்டது. பெயர் மாறினால் சட்டம் குறிக்கும் மரமே மாறிவிடும்.

5. முடிவுரை

கைவினைச் சொல் ஒவ்வொன்றும் ஒரு செயலையோ இடத்தையோ வரலாற்றையோ தன்னுள் கொண்டுள்ளது. மூலச் சொல்லின் அகராதிப் பொருளைக் காட்டிலும், அவ்வுறுப்பு என்ன செய்கிறது, அதைப் பேசுபவர் யார் என்னும் இரு வினாக்களே மொழிபெயர்ப்பாளருக்கு உறுதியான வழிகாட்டிகள் எனலாம்.