நாற்காலி மாறினால் அடிபம்பு வரும்

சாலையா, குடிநீரா? ஊராட்சியின் கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். எதற்கு முதலிடம் என்பது தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. உடனே கிளம்பியது கேலி: 'ரப்பர் ஸ்டாம்ப் மனைவி, ஆட்சி செய்வது கணவன்.' ராஜஸ்தானில் இதற்குப் பெயரே உண்டு - சர்பஞ்ச் பதி.

கேலி முழுக்கப் பொய்யல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் ஆகிய இரு மாவட்டங்களில் பொருளாதார நிபுணர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. டுஃப்லோ 2019இல் நோபல் பரிசு பெற்றவர். எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது சுழற்சியில் முடிவானதால், அது ஏறத்தாழக் குலுக்கல் மாதிரிதான். இதனால் ஆண் தலைவர்களின் ஊராட்சிகளோடு நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

முடிவு தெளிவாக இருந்தது. இரு மாவட்டங்களிலும் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீருக்காக. பெண் தலைமையேற்ற ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகளும் அதிகம் நடந்தன. உதய்பூரில் சாலை ஆண்களின் கோரிக்கை. பெண் தலைமையில் அதற்கு முக்கியத்துவம் குறைந்தது. பீர்பூமில் சாலை வேண்டும் என்று கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அங்கே சாலைப் பணியும் கூடியது. படிப்பு குறைவு, அனுபவம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள், குடம் சுமப்பவர்களின் தேவையை அறிந்திருந்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணை குடிநீர், சாலை, ஆரம்பக் கல்வி உட்பட 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. ஆனால் அவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலங்களின் விருப்பம். பல மாநிலங்கள் பொறுப்பைக் கொடுத்தன. பணத்தையும் ஊழியர்களையும் தம் பிடியிலேயே வைத்துக்கொண்டன.

சுழற்சியிலும் ஒரு வில்லங்கம். அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு நகர்ந்துவிட்டால், அனுபவம் பெற்ற தலைவி பொதுத் தொகுதியில்தான் மோத வேண்டும். அங்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மேற்கு வங்கத்தில் இரண்டு முறை ஒதுக்கீடு கண்ட ஊராட்சிகளில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் கூடுதல் பெண்கள் போட்டியிட்டு வென்றதாக 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு கண்டது.

2006இல் பீகார் பெண்களின் பங்கைப் பாதியாக்கியது; வேறு பல மாநிலங்களும் தொடர்ந்தன. நாற்காலி கிடைத்துவிட்டது. அடுத்து வர வேண்டியது கஜானாச் சாவி.