பதினோரு மாச உத்தியோகம்!

2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக எங்களை 16,549 பேர் எடுத்தார்கள். நான் ஓவியம். வாரம் மூன்று அரை நாள்; மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். அது 12,500 ஆக 2024 வரை காத்திருந்தோம்.

அரை நாளெல்லாம் காகிதத்தில்தான். எந்த வாத்தியார் லீவு போட்டாலும், ''டிராயிங் சார் சும்மாத்தானே இருக்காரு, அனுப்புங்க!''

மே மாதம் சம்பளமே கிடையாது என்றார்கள். வீட்டு வாடகைக்கு ஏது சார் கோடை விடுமுறை?

சேர்ந்த புதிதில் பெண் பார்க்கப் போனேன். ''கவர்ன்மென்ட் வேலையா?'' என்று கேட்டார் பெண்ணின் அப்பா. ''பதினோரு மாசம் மட்டும்'' என்றேன். சொஜ்ஜி வரவில்லை, காபியோடு அனுப்பிவிட்டார்!

ஆனாலும் ஜூனில் போய் போர்டில் ஒரு மாம்பழம் வரைந்தால் பசங்க கைதட்டுவாங்களே... அதுக்காகவே ஒவ்வொரு வருஷமும் திரும்பிப் போனேன்.