ஈரத் தெருவும் இரண்டாம் கியரும்

நெசவு ஊரான ஆரணியில் பனி உறைவதில்லை. வண்டி வழுக்குவதற்கு ஐப்பசி, கார்த்திகை மழையே போதும். அந்த நாட்களில் தெருவில் பாவு நீட்ட முடியாது, வேலை முடங்கும். நெய்து முடித்த சேலையையாவது கடையில் சேர்க்கலாம் என்று பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கிளம்பினால், களிமண்ணில் நிற்கும் வண்டியை நகர்த்துவதே பெரும்பாடு. வண்டி சாய்ந்தால் சேற்றில் விழுவது பல நாள் உழைப்பு.

அந்தக் காலத்தில் பஜாஜ் சேடக் ஸ்கூட்டர். 1972இல் வந்தது, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். பத்து அங்குலச் சக்கரம், வலப்பக்கம் கனக்கும் எஞ்சின், இடக்கைப் பிடியில் கியர். ஈரத்தில் ஃபர்ஸ்ட் போட்டுக் கிளட்சை வெடுக்கென்று விட்டால் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும், வண்டி ஒருபக்கமாக இழுக்கும். கைப்பழக்கம் உள்ளவர் செகண்டில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நகர்த்துவார்.

இதன் காரணம் எளியது. எடுத்துக்காட்டாக, சிறிய கார் ஒன்றில் முதல் கியர் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ மூன்றரை மடங்காக்கும். இரண்டாவது, இரண்டு மடங்குதான். ஈரமண் தாங்கும் பிடிப்பை விசை மீறியதும் சக்கரம் வழுக்குகிறது. வழுக்கத் தொடங்கிய சக்கரத்துக்குப் பிடிப்பு மேலும் குறைகிறது. முறுக்க முறுக்கக் குழி ஆழமாவது அதனால்தான். ஆனால் மேட்டிலும், பாரம் மிகுந்தபோதும், சக்கரம் புதையும் சேற்றிலும் செகண்ட் உதவாது, கிளட்ச் கருகும். எங்கே எது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் திறமை. 1980இல் வந்த டிவிஎஸ் 50இல் அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரே கியர்; திணறினால் பெடலை மிதித்து வெளியே வரலாம்.

இன்று தெருவுக்குத் தெரு கியரில்லாத ஸ்கூட்டர். கியர் வண்டிக்குத் தயங்கிய பெண்கள் தாங்களே சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறார்கள். அது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். ஆனால் அந்த வண்டி எப்போதும் மிகத் தாழ்ந்த விகிதத்தில்தான் கிளம்பும், அதாவது சக்கரத்துக்கு மிகுந்த விசையோடு. செகண்ட் போட வழியில்லை. முன்பு கியரும் கிளட்சும் பார்த்துக்கொண்டதை இப்போது வலக்கை மட்டுமே பார்க்க வேண்டும்: ஆக்சிலேட்டரை நூலிழை அளவு திருப்பி, சக்கரம் பிடித்த பிறகே கூட்ட வேண்டும். டயர் மொட்டையாக இருந்தால் அதுவும் பலிக்காது.

2020இல் சேடக் மின்சார வண்டியாகத் திரும்பிவந்தது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. மின் மோட்டாருக்கோ நின்ற நிலையிலேயே முழு விசை உண்டு. மழை நாளில் ஈகோ முறையில் வைத்து எடுப்பது நல்லது.

உரிமத்துக்கு எட்டுப் போடச் சொல்கிறார்கள், பெரும்பாலும் காய்ந்த தரையில். கார்த்திகையில் ஒருநாள் நனைந்த மண்ணில் வண்டி எடுக்கவும் பயிற்சிப் பள்ளிகள் சொல்லித்தர வேண்டும்.