எடை குறைந்த சக்கரம் வேகம் தருமா?

ரிம்மில் குறையும் ஒரு கிராம், ஃபிரேமில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்பது ரோடு சைக்கிள்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ரிம் முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய சம ஆற்றல் செலவாகிறது. ஆனால் அது வேகம் கூட்டும்போது மட்டும். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்றால், 400 கிராம் குறைந்த ரிம் ஜோடி தரும் லாபம் 800 கிராம், அதாவது 1 சதவீதம். சீராக மேடேறும்போது அதுவும் பாதியாகிவிடும். சமதளத்தில் ஒரே வேகத்தில் போனால் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒவ்வொரு மிதிக்கும் சக்கரத்தின் வேகம் கூடிக் குறைகிறதே என்று கேட்கலாம். கூடும்போது வாங்கிய ஆற்றலைக் குறையும்போது சக்கரமே திருப்பித் தந்துவிடுகிறது. பிரேக் பிடித்தால்தான் நஷ்டம்.

சமதளத்தில் காலின் உழைப்பைத் தின்பவை காற்றும் டயரும்தான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், டயரின் உருளல் எதிர்ப்புக் குணகம் 0.001 குறைந்தாலே அதே 80 கிலோவுக்குச் சுமார் 6.5 வாட் மிச்சம். மட்டமான டயருக்கும் நல்ல டயருக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். உயரமான ரிம் காற்றைக் கிழிக்காதா? கிழிக்கும், ஆனால் காற்றை மறிப்பதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்புக்கு. ரிம் பிரேக் சைக்கிளில் மலிவுக் கார்பன் ரிம் மாட்டி நீண்ட இறக்கத்தில் இறங்கினால், சூட்டில் பிசின் இளகும் ஆபத்து வேறு. ஆகவே முதலில் பழைய சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் ஆடாமல், ஹப் கரகரக்காமல் ஓடினால் பணம் டயருக்கு. ஆடினால் ஸ்போக்கை முறுக்கிச் சரிசெய்யலாம். அதற்கும் மசியாவிட்டால், உள் அகலம் 19 மி.மீ. அளவில் அலுமினிய ரிம் வாங்குங்கள். ஸ்போக் உடைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.